உளி தீட்ட எந்தக் கல்? பினாங்கு ஈரத்துக்கும் நம் மரத்துக்கும் ஏற்றது எது

புது உளியோ இழைப்புளியோ வாங்கினால் அது கடையிலிருந்து வரும்போதே வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. சரிவை இயந்திரத்தில் அரைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மரத்தில் இறங்கும் கூர்மையை நாம்தான் ஏற்ற வேண்டும். அதற்கு எதை வாங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்: எண்ணெய்க்கல், தண்ணீர்க்கல், வைரத் தகடு, கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாள். நான்குமே உளியைக் கூராக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்கிறவர் தம் வீட்டு நிலைமைக்கும் கையில் இருக்கும் மரத்துக்கும் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் கோணத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் கல்லைப் பற்றி யோசியுங்கள். கல்லைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டில், காய்ந்த காற்றில், பைன் மரத்தை இழைப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்கு அது சரி. நம்முடைய காற்றும் மரமும் வேறு.

முதலில் மரம், பிறகு கோணம்

ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பழைய கடைவீடுகளின் கதவு நிலை, ஜன்னல் சட்டம், படிக்கட்டுப் பலகை என்று பழுதுபார்க்க மர வேலைக்குக் குறைவில்லை. அந்த மாதிரி வேலையில் கை வைத்தால் செங்கால் (chengal) என்னும் கடின மரம் எதிர்ப்படும். காய்ந்த செங்கால் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 915 முதல் 980 கிலோ வரை எடை இருக்கும். பாலாவ் (balau) என்னும் மரத்தில் சில வகை தண்ணீரில் மிதக்காத அளவுக்கு அதைவிடக் கனம். மறுபக்கம், செதுக்கு வேலைக்குப் பிடித்தமான ஜெலுத்தோங் மரம் அதில் பாதி எடைதான். மெரந்தி இரண்டுக்கும் நடுவே. ஆனால் வெள்ளை மெரந்தியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மணல் கலந்த மாதிரி அது இரும்பின் முனையைத் தின்னும்.

உளியின் சரிவை 25 டிகிரியில் தீட்டிச் செங்காலில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால், கொஞ்ச நேரத்திலேயே முனை மடங்கும், அல்லது சில்லு சில்லாகப் பெயரும். மெல்லிய முனையால் அந்த அடியைத் தாங்க முடியாது. கல்லின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. அதே உளியின் முனையில் மட்டும் 30 டிகிரிக்கு இரண்டாவது சரிவு ஒன்று வைத்தால் நிலைமை மாறிவிடும். துளை வெட்டும் கனத்த உளிக்கு 35 வரை போகலாம். ஜெலுத்தோங் போன்ற மென்மரத்தைக் கையால் சீவுவதற்கு 25 போதும், அங்கேதான் மிக நுண்ணிய கூர்மையும் தேவைப்படும். கடின மரத்துக்குத்தான் அதிகக் கூர்மை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மென்மரத்தின் நார் முனைக்கு எதிர்த்து நிற்காது, நசுங்கிப் படுத்துக்கொள்ளும். அதை நசுக்காமல் அறுக்கத்தான் மிக மெல்லிய முனை வேண்டும்.

இழைப்புளியில் கணக்கு கொஞ்சம் வேறு. வழக்கமான இழைப்புளியில் தகடு 45 டிகிரி சாய்ந்து, சரிவுப் பக்கம் கீழே பார்த்தபடி உட்காரும். மரத்தைச் சந்திக்கும் கோணம் அந்த 45தான், நாம் எந்தக் கோணத்தில் தீட்டினாலும் மாறாது. நாம் தீட்டும் கோணம் முனையின் உறுதியையும், முனைக்குப் பின்னால் மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியையும்தான் தீர்மானிக்கிறது. 30-இல் தீட்டினால் முனைக்குப் பின்னால் 15 டிகிரி இடைவெளி கிடைக்கும், நன்றாக ஓடும். 35-ஐத் தாண்டினால் அந்த இடைவெளி குறைந்து, தகடு மரத்தைப் பிடிக்காமல் வழுக்கும். அதனால் இழைப்புளிக்கு 30 என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். கெம்பாஸ் போன்ற மரத்தில் நார் முன்னும் பின்னும் பின்னிக் கிடக்கும், இழைக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். அதைத் தீட்டுவதால் மட்டும் சரி செய்ய முடியாது. தகட்டின் மேல் அமரும் மூடித் தகட்டை முனைக்கு மிக அருகே நகர்த்த வேண்டும்.

கோணம் இப்படி முடிவானால், கல் தேடுவது சுலபமாகிவிடும். இரண்டாவது சரிவு ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. ஒவ்வொரு முறையும் நாம் தேய்க்கப்போவது அந்தக் குறுகிய கோட்டை மட்டும்தான். முழுச் சரிவையும் தேய்ப்பவருக்கு வேகமாக வெட்டும் கல் தேவை. நமக்கு அந்த அவசரம் இல்லை.

தண்ணீர்க்கல்

ஜப்பான் முறைத் தண்ணீர்க்கல்லின் புகழ் நியாயமானது. கல்லின் மேல்பரப்பு தேயத் தேயப் புதுத் துகள் வெளியே வந்துகொண்டே இருப்பதால் இரும்பை வேகமாக வெட்டும். கல்லின் எண் கூடக் கூடத் துகள் நயமாகும். 1000, அப்புறம் 4000 அல்லது 6000, கடைசியில் 8000 என்று ஏறினால் சரிவு கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஜெலுத்தோங்கில் குறுக்கு நாரைச் சீவினால் மேற்பரப்பு மெழுகு பூசியது போல வரும். அந்தச் சுகம் தெரிந்தவர் வேறு கல்லுக்கு மாறச் சம்மதிக்க மாட்டார், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தேயும் கல் நடுவே பள்ளமாகும். பள்ளமான கல்லில் இழைப்புளித் தகட்டை வைத்தால் முனை வில்லாக வளையும், உளியின் மட்டப் பக்கம் மட்டமாக இருக்காது. எனவே கல்லையே அடிக்கடி மட்டப்படுத்த வேண்டும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, வைரத் தகட்டிலோ கண்ணாடிமேல் விரித்த முரட்டு உப்புத்தாளிலோ எல்லாக் கோடும் அழியும் வரை தேய்க்க வேண்டும். ஆக, தண்ணீர்க்கல் வாங்கினால் அதைச் சமப்படுத்த இன்னொன்றும் வாங்கியாக வேண்டும். விலையை ஒப்பிடும்போது பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது ஈரம். ஊற வைக்கும் வகைக் கல்லை எப்போதும் வாளித் தண்ணீரிலேயே போட்டு வைக்கும் பழக்கம் குளிர் நாட்டில் சரி. இங்கே வாசலில் திறந்த வாளியில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசு வெளியே பறக்கும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அபராதத்தை விடுங்கள், டெங்கி என்றால் என்னவென்று அறியாத குடும்பம் இங்கே குறைவு. தண்ணீர்க்கல்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், ஊற வைக்கத் தேவையில்லாத, மேலே தண்ணீர் தெளித்தாலே போதும் என்ற வகையை எடுங்கள். தீட்டி முடித்ததும் கழுவி, நிழலில் நிறுத்தி உலர்த்திவிடலாம்.

தீட்டிய இரும்பும் நனைந்திருக்கும். மழைக்காலத்தில் பினாங்கில் இரவு துடைக்காமல் விட்ட உளியில் காலையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரியும். துரு முதலில் தின்பது நாம் தீட்டிய அந்த மெல்லிய முனையைத்தான். ஆயுத பூஜைக்கு உளிக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம் அல்லவா, அந்த ஈரச் சந்தனம் அப்படியே காய்ந்தால் பொட்டின் வடிவத்திலேயே இரும்பில் கறை விழுந்துவிடும். பொட்டைக் கைப்பிடியில் வையுங்கள், இரும்புப் பகுதியில் எண்ணெய் தடவுங்கள்.

வைரத் தகடு

எஃகுத் தகட்டின் மேல் வைரத் துகளை நிக்கல் முலாமால் பிடித்து வைத்ததுதான் இது. தகடு பள்ளமாகாது, ஊற வைக்க வேண்டாம், கீழே விழுந்தால் உடையாது. எந்த வகை இரும்பையும் வெட்டும். இது முக்கியம். பழைய கார்பன் எஃகு எந்தக் கல்லிலும் கூராகும். ஆனால் ஐந்து சதவீதம் குரோமியம் கலந்த ஏ2 எஃகு, அதைவிடக் கடினமான அதிவேக எஃகு போன்றவற்றை எண்ணெய்க்கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். வைரத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

குறையும் உண்டு. புதுத் தகடு முதல் சில முறை முரட்டுத்தனமாகக் கீறும், நீட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் உதிர்ந்து அடங்கக் கொஞ்ச நாளாகும். அந்தக் கட்டத்தில் அதன் தரத்தைப் பற்றி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அழுத்தித் தேய்க்கவே கூடாது. அழுத்தினால் வைரத் துகள் நிக்கலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அப்புறம் தகடு வெறும் இரும்புதான். உளியின் சொந்த எடையோடு இரண்டு விரல் பாரம் போதும். இன்னொன்று, வைரம் விடும் கீறல் ஆழமானது. 1200 என்று போட்டிருக்கும் தகட்டில் துகள் சுமார் 9 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). 8000 தண்ணீர்க்கல்லில் அது ஒன்று, ஒன்றரை மைக்ரான்தான். அந்த இடைவெளியைத் தோல் பட்டையால் நிரப்பலாம்.

ஒரு பலகைத் துண்டில் மாட்டுத்தோலைச் சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி ஒட்டி, பச்சை நிற மெருகுக் கட்டியைத் தேய்த்தால் தோல் பட்டை தயார். அந்தப் பச்சை பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு. உளியை எப்போதும் பின்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும், முன்னே தள்ளினால் தோல் அறுந்துவிடும். கைப்பிடியை உயர்த்தி இழுத்தால் முனை உருண்டுவிடும், தீட்டிய கோணத்திலேயே படுக்க வைத்து இழுங்கள். வேலை நடுவே முனை லேசாக மந்தமானால் கல்லுக்குப் போகாமல் பட்டையிலேயே நாலைந்து இழுப்பு இழுத்தால் போதும். செங்காலில் வேலை செய்கிறவருக்கு இது பெரிய உதவி. 8000 கல் தரும் மெருகு செங்காலில் சில அடிகளுக்கு மேல் நிற்காது. பட்டை அதை உடனுக்குடன் திரும்பக் கொடுக்கும்.

எண்ணெய்க்கல்லும் உப்புத்தாளும்

ஹார்ட்வேர் கடையில் "பத்து ஆசா" (batu asah, மலாயில் தீட்டுக்கல்) என்று கேட்டால் கொடுக்கும் இரண்டு பக்கக் கல் பெரும்பாலும் மலிவானது. ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் கொஞ்சம் நயம். அதன் நயமான பக்கம்கூட மரவேலைக்குப் போதாது, பாராங்கும் சமையல் கத்தியும் தீட்டத்தான் பொருத்தம். நல்ல அலுமினியம் ஆக்சைடு எண்ணெய்க்கல் என்றால் நிலைமை வேறு. அது மெதுவாக வெட்டும், மிக மெதுவாகத் தேயும், கவனமாகப் பயன்படுத்தினால் அடுத்த தலைமுறைக்கும் வரும். எண்ணெயோடு தீட்டுவதால் உளி துருப்பிடிக்கிற கவலையும் குறைவு. பழைய கார்பன் எஃகு உளி மட்டும் வைத்திருப்பவருக்கு எண்ணெய்க்கல்லும் தோல் பட்டையும் சேர்ந்தால் முழுமையான ஏற்பாடு, அதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை. மெல்லிய கனிம எண்ணெய் போதும், மருந்துக்கடையில் கிடைக்கும் குழந்தை எண்ணெயும் அதே வகைதான். சமையல் எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். நாளடைவில் பிசுபிசுத்துக் கல்லின் துளைகளை அடைத்துவிடும்.

பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தை மாதிரி இடங்களில் பழைய கல் கண்ணில் பட்டால், ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். எண்ணெய்க்கல்லில் ஆழமான பள்ளம் இருந்தால் அதைச் சமப்படுத்துவது பெரிய பாடு, விட்டுவிடலாம். அதே சந்தையில் மழுங்கிப்போன பழைய உளி கிடைத்தால் விடாதீர்கள். மட்டப் பக்கத்தில், முனைக்கு அருகே, குழி விழுந்த துரு இல்லை என்றால் மற்றதெல்லாம் சரி செய்யக்கூடியதே.

உப்புத்தாள் முறைக்குத் தேவை ஒரு கனமான கண்ணாடித் துண்டும் ஈரத்தில் தேய்க்கும் கறுப்புத் தாளும். தொடங்க இதைவிட மலிவான வழி கிடையாது. புது உளியின் மட்டப் பக்கத்தை ஒரே ஒருமுறை சமப்படுத்துவதற்கும், சில்லுப் பெயர்ந்த முனையை மீட்பதற்கும் இது அருமையான முறை. அன்றாடம் தீட்டுவதற்கு நான் சொல்ல மாட்டேன். தாள் சீக்கிரம் சாகும், திரும்பத் திரும்ப வாங்கும் செலவு ஒரு வைரத் தகட்டின் விலையைத் தாண்டும். தாள் கொஞ்சம் மேலே எழும்பினாலும் முனை உருண்டுவிடும். இன்னொரு குழப்பமும் உண்டு. தாளில் அச்சடித்த எண்ணும் ஜப்பான் கல்லில் இருக்கும் எண்ணும் ஒன்றல்ல. 2000 நம்பர் உப்புத்தாளின் துகள் சுமார் 10 மைக்ரான். அது கிட்டத்தட்ட 1000 முதல் 1200 வரையுள்ள தண்ணீர்க்கல்லுக்குத்தான் சமம். "2000 வரை தீட்டிவிட்டேன், இன்னும் கூர்மை வரவில்லை" என்று குறைப்படுகிறவர் இந்த இடத்தில்தான் நிற்கிறார். அவர் கை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. தோல் பட்டையில் நான்கு இழுப்பு இழுத்தால் மிச்சமும் முடிந்துவிடும்.

மின்சாரச் சாணை பற்றி ஒரு வார்த்தை. முனை பெரிதாக உடைந்தாலோ கோணத்தை முழுக்க மாற்ற வேண்டியிருந்தாலோ அது நேரத்தை மிச்சப்படுத்தும். அடுக்குமாடி வீட்டில் சத்தமும் பொறியும் சரிப்படாது. சாணையில் முனை நீலம் பாரித்தால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நீலம் முழுக்கத் தேய்ந்து போகும் வரை அந்த முனை நிற்காது. விரல் சூட்டை உணரும் முன்பே தண்ணீரில் முக்க வேண்டும்.

கையா, கருவியா

கோணத்தைப் பிடித்துக்கொள்ளும் சக்கரம் வைத்த கருவி வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. இழைப்புளித் தகட்டுக்கு வாங்குங்கள். தகடு அகலமானது, மெல்லியது, கையில் நிற்காமல் ஆடும். பக்கவாட்டில் இறுக்கும் மலிவான கருவியே போதும். அதில் தகடு வெளியே நீட்டும் தூரம்தான் கோணத்தை முடிவு செய்கிறது. அந்த வகையில் பலவற்றிலும் தகட்டை 38 மில்லிமீட்டர் நீட்டினால் 30 டிகிரி, 50 நீட்டினால் 25. உளி சற்றுத் தாழ்வாக உட்காரும் என்பதால் அதற்கு 30 மில்லிமீட்டரும் 40 மில்லிமீட்டரும். ஒரு பலகையில் இந்த நான்கு தூரத்துக்கும் கட்டை அறைந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

உளிக்குக் கையே மேல் என்பது என் அபிப்பிராயம். கால் அங்குல உளியைக் கருவியில் பூட்டினால் அது பக்கவாட்டில் சாயும், முனை கோணலாகும். கையில் பிடித்தால் சரிவு கல்லில் படிவதை விரலே சொல்லும். சரிவின் முன்னும் பின்னும் இரண்டும் கல்லில் தொடும்படி வையுங்கள், முனைக்குப் பக்கத்தில் இரண்டு விரலை ஊன்றுங்கள். கைப்பிடியை இம்மியளவு உயர்த்துங்கள். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள்.

எப்போது நிறுத்துவது? மட்டப் பக்கத்தில் பெருவிரலை முனையை நோக்கி மெதுவாக வெளியே தள்ளிப் பாருங்கள். நகத்தில் தடுக்கும் மாதிரி ஒரு மெல்லிய பிசிர் முழு அகலத்துக்கும் தட்டுப்பட வேண்டும். ஒரு ஓரத்தில் தட்டுப்பட்டு இன்னொரு ஓரத்தில் இல்லை என்றால் அந்த ஓரம் இன்னும் கல்லைத் தொடவில்லை. பிசிர் வராமல் அடுத்த கல்லுக்குப் போவதில் பயனே இல்லை. வந்த பிறகு உளியைத் திருப்பி மட்டப் பக்கத்தை முழுக்கக் கல்லில் படுக்க வைத்துச் சில இழுப்பு. அப்புறம் விளக்குக்குக் கீழே முனையை நேராகப் பாருங்கள். மழுங்கிய இடத்தில் வெளிச்சம் பட்டு வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு மின்னும். கூரான முனையில் வெளிச்சம் பிரதிபலிக்க இடமே இருக்காது, கறுப்பாகத் தெரியும்.

மட்டப் பக்கம் முழுவதையும் கண்ணாடியாக்க வேண்டும் என்று நாள் கணக்கில் தேய்க்க வேண்டாம். முனையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டமாக இருந்தால் போதும். இழைப்புளித் தகட்டுக்கு அதுகூடத் தேவையில்லை. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பு ஸ்கேலைக் கல்லின் ஓர் ஓரத்தில் வைத்து, தகட்டின் பின்பகுதியை அதன்மேல் சாய்த்துத் தேய்த்தால் முனை மட்டும் மெருகேறும். உளிக்கு இதைச் செய்யாதீர்கள். உளியின் மட்டப் பக்கம்தான் மரத்தில் நேராக வழி காட்டுவது, அது முழு மட்டமாக இருந்தே ஆக வேண்டும்.

யார் எதை வாங்கலாம்

அடுக்குமாடியில் இருந்துகொண்டு, மெரந்தி, ரப்பர் மரம், பழைய செங்கால் என்று கலந்து வேலை செய்கிறவருக்கு என் தேர்வு இரண்டு பக்க வைரத் தகடு ஒன்று, ஒரு பக்கம் 300 அல்லது 400, மறுபக்கம் 1000 அல்லது 1200. கூடவே தோல் பட்டை. இழைப்புளி இருந்தால் மலிவான கோணக் கருவி ஒன்று. சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, பத்து நிமிடத்தில் தீட்டித் துடைத்துவிட்டு எழலாம். தண்ணீர் வாளியும் வேண்டாம், கல்லைச் சமப்படுத்தும் வேலையும் வேண்டாம்.

ஜெலுத்தோங், புலாய் போன்ற மென்மரத்தில் செதுக்குபவரும், மேசைப் பலகையை உப்புத்தாள் போடாமல் இழைப்புளியாலேயே முடிப்பவரும் இதோடு தெளிக்கும் வகைத் தண்ணீர்க்கல் ஒன்று சேர்த்துக்கொள்ளட்டும், 5000-க்குக் குறையாமல். கல்லைச் சமப்படுத்த அந்த முரட்டு வைரத் தகடே உதவும்.

தாத்தா காலத்து உளியும் எண்ணெய்க்கல்லும் வீட்டில் இருந்தால் முதலில் அந்தக் கல்லில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மட்டமாக இருந்தால் புதிதாக எதையும் வாங்காதீர்கள், தோல் பட்டை மட்டும் செய்துகொள்ளுங்கள். காசு மிச்சம் இருந்தால் உளிகளை வைக்க மூடியுள்ள பெட்டி ஒன்றும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும் வாங்கிவிடுங்கள்.